வெள்ளிக்கிழமைச் சட்டைகள்

என் கடை கீழே, அவர்கள் மேலே.
வீகோ துறைமுகத்துக்குச் சரிந்திறங்கும் தெருவில்
துவைக்கும் இயந்திரம் நான்கு, உலர்த்தி இரண்டு,
ஒரு நாற்காலி. அதன் ஒரு காலுக்கு
அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

முன்பு மாடியில் சிறுவர்களுக்குக் கராத்தே,
பிறகு ஏதோ ஆட்டம்.
கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரும், அவ்வளவுதான்.
போன மாரிக்கு முந்தின மாரியில் பிரெய்ஷோ வந்தான்.
கத்திச் சண்டை, வியாழன் இரவு, ஏழு பேர்.
இப்போது நாற்பத்தொரு பேர்.
மழையில் வாசல்வரை வரிசை நிற்கிறது.
செவ்வாயும் ஆரம்பிக்கப் போகிறானாம்,
"உஷியா, விலையைக் கொஞ்சம் குறையுங்களேன்" என்கிறான்.

கத்தி என்றால் கத்தி இல்லை,
சிவப்பு மார்க்கர், தடித்த முனை.
வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு
ஒருவரையொருவர் கீறிக்கொள்கிறார்கள்.
பட்ட இடமெல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம்.
கத்தி சத்தம் போடாது.
கத்துவதெல்லாம் பிரெய்ஷோதான்:
"கையைப் பார்க்காதே, தோளைப் பார்!"
என் சோப்புத்தூள் டப்பா அதிர்கிறது.

எதற்கு வருகிறீர்கள் என்று
பஸ் ஓட்டும் ரமீரோவிடம் ஒருமுறை கேட்டேன்.
"சும்மாதான்," என்றார்.
படியில் பாதி ஏறிவிட்டுத் திரும்பி,
"பின் இருக்கையில் யாராவது எழுந்தால்
எனக்குப் பிடரி கூசுகிறது."

படியடியில் ஒரு பிரம்புக்கூடை.
முடிந்ததும் கழற்றி அதில் போட்டுவிட்டு
சிரித்துக்கொண்டே குடிக்கப் போவார்கள்.
வெள்ளி காலை அத்தனையும் எனக்கு.
மையென்றால் ஸ்பிரிட், பிறகு வெந்நீர்.
ரத்தமென்றால் பச்சைத் தண்ணீர் மட்டும்,
சூடு பட்டால் நூலுக்குள் போய்க் குடியேறிவிடும்.
இது எனக்கு எப்படித் தெரியும் என்று
யாரும் கேட்டதில்லை.

பலருடைய முகம் தெரியாது, சட்டை தெரியும்.
மீன் சந்தை சபேலாவுக்கு இரண்டு முன்கையிலும் வரிவரியாய்,
செதில் சீவியதுபோல.
பல் மருத்துவருக்கு முதுகு முழுக்க.
ஓடுகிறார் போலிருக்கிறது, புத்திசாலி.
பிரசவ ஆஸ்பத்திரி அந்தியா
எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்கிறாள்,
வயிற்றில் மட்டும் இதுவரை ஒரு புள்ளி விழவில்லை.
வங்கிக்காரன் ஒருவன், இடது கழுத்துப்பட்டியில்
வாராவாரம் அதே இடத்தில் ஒரே கோடு.
போன் போட்டுச் சொல்லிவிடலாமா என்றிருக்கும்:
தம்பி, அந்தப் பக்கத்தை மூடிக்கொள்.

பதினேழாம் எண் சட்டையில்
எட்டு வாரமாக ஒரு கீறல்கூட இல்லை.
யாராலும் தொட முடியாத ஆள் என்று நினைத்தேன்.
உயரமாக இருப்பான், பூனை நடை நடப்பான்,
கொஞ்சம் திமிரும் இருக்கும்.
இஸ்திரி போடும்போது
அவன் மடிப்பு மட்டும் கூடுதல் நேர்த்தியாய் விழுந்தது.
ஒத்துக்கொள்கிறேன்.

போன வியாழன் குப்பை கொட்டப் போனேன்.
எதிரே ஒரு சின்ன கார், விளக்கு அணைத்து,
துடைப்பான் மட்டும் அசைந்துகொண்டு.
உள்ளே ஒரு மனிதர், ஐம்பது இருக்கும்,
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி,
மேலே காலடிகள் விழும் ஜன்னலைப் பார்த்தபடி.
நெஞ்சில் பதினேழு.

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கியதும்
குடையில்லாமல் தெருவைக் கடந்தார்.
கூட்டத்தோடு கூட்டமாய்ச் சட்டையைக் கழற்றினார்.
கூடை நிறைந்து வழிந்ததால்
என்னிடமே நீட்டினார்.
நீட்டிய கையில், கட்டைவிரல் அடியிலிருந்து முழங்கைவரை
தடித்து மேடிட்ட ஒரு கோடு.
அவசரத்தில் தைத்த தையல், குறுக்கே பூரான் கால்கள்.
ஸ்பிரிட்டுக்குப் போகாது அது.

"இன்று நன்றாகப் போயிற்றா?" என்று கேட்டேன்.
"அடுத்த வாரம்," என்றார்.

காலையில் நாற்பது சட்டையும் வெந்நீரில் சுழன்றன.
வட்டக் கண்ணாடிக்குள் நுரை இளஞ்சிவப்பாகி வெளுத்தது.
வெளியே கடற்காகங்கள் எதற்கோ அடித்துக்கொண்டன.

பதினேழை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன்.
துவைக்க அதில் ஒன்றுமில்லை.
தொட்டியில் தனியாக
நனைத்து வைத்தேன்,
பச்சைத் தண்ணீரில்.